நூல் கட்டாத பாட்டில்

எங்கள் வீட்டில் தாகம் எடுத்தால் முதலில் பாட்டிலின் கழுத்தைப் பார்க்க வேண்டும். கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தால் அது குடிக்கிற சாமான் இல்லை. நூல் இல்லையென்றால் தைரியமாகக் கவிழ்த்துக்கொள்ளலாம். மேலே ஒட்டியிருக்கிற பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஜூஸ் என்று எழுதியிருக்கும், உள்ளே துணி துவைக்கிற சோப்புக் கரைசல் இருக்கும். இருமல் மருந்து என்று எழுதியிருக்கும், உள்ளே சமையல் எண்ணெய் இருக்கும். எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவை ஆசையாகத் திறந்து, ஊசியும் பொத்தானும் பார்த்து அழுத பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் தெருமுனை வரைக்கும் போகும்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் அண்ணி. காலி பாட்டில் எதுவும் அவர் கையிலிருந்து குப்பைக்குப் போனதில்லை. எந்தச் சாமானையும் கடையில் சில்லறையாக, தான் கொண்டுபோன பாட்டிலில்தான் வாங்குவார். புது பாட்டிலுக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. பதில் சொல்ல இதுவரை ஒருத்தனும் பிறக்கவில்லை.

வீடு என்றால் இரண்டு அறை, ஒரு சமையலறை, குளியலறைக்குப் போகிற வழியில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளிதான் என் படுக்கை அறை. அண்ணன் சரக்குக் கிடங்கில் மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். நான் வீடுகளுக்கு பெயிண்ட் அடிப்பவன். மழை வந்தால் எனக்கு வேலை இல்லை, சரக்கு வராவிட்டால் அண்ணனுக்கு வேலை இல்லை. இரண்டும் சேர்ந்து வருகிற மாதத்தில் அண்ணியின் மூளை மட்டும் இருபத்து நாலு மணி நேரமும் வேலை செய்யும்.

சோப்பு கரைந்து தகடானால் அதைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவார். அதனால் எங்கள் வீட்டுச் சோப்புக்குச் சாவே கிடையாது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளில் குளித்த அதே சோப்பில்தான் இன்றைக்கும் குளிக்கிறேன் என்று நினைக்கிறேன். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து உள்பக்கத்தை வழித்தெடுப்பார். ஓர் அறையில் விளக்கு எரிந்தால் மற்ற அறைக்காரர்கள் அங்கே குடியேற வேண்டும். பெயிண்டில் தின்னர் கலந்து நீட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அண்ணி ஷாம்பூவில் தண்ணீர் கலப்பதைப் பார்த்த அன்றைக்கு அந்தக் கர்வம் செத்தது.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, இதெல்லாம் கஞ்சத்தனம் இல்லை. பயம். அண்ணிக்கு மாசக் கடைசி என்றால் மற்றவர்களுக்குப் பேய் மாதிரி. அந்த நாட்களில் யாராவது கதவைத் தட்டினால் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, கடன்காரனோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார். அண்ணன் இரண்டு தடவை இருமினால் போதும், முகம் வெளுத்துவிடும். கல்யாணமான புதிதில் கிடங்கு மூடிக் கிடந்ததாம். அப்போது பக்கத்து வீட்டுக்குச் சமையல் நடக்கிற மாதிரி கேட்கட்டும் என்று வெறும் பாத்திரத்தில் கரண்டியைப் போட்டுக் கிளறுவாராம். அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணி சொல்ல மாட்டார். ஆனால் இன்றைக்கும் பாத்திரம் காலியாகிற சத்தம் கேட்டால் அவர் கை புடவை முந்தானையைத் திருக ஆரம்பித்துவிடும்.

அவருக்கு மாசக் கடைசி மேல் பயம். எங்களுக்கு அவர் மேல் பயம். திட்டினால்கூடத் தேவலை. திட்ட மாட்டார். எதையாவது அதிகமாகச் செலவு செய்துவிட்டோம் என்றால், அந்த பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை வராது. மலை மாதிரி மூட்டைகளை உருட்டுகிற அண்ணன், அந்தப் பார்வையைப் பார்த்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்.

பக்கத்துப் போர்ஷனில் தையல் ஆலையில் வேலை பார்க்கிற ஒரு பெண் குடியிருக்கிறாள். புருஷன் இல்லை. ஒரே பெண் குழந்தை, நாலு வயசு. எங்கேயும் நிற்காது, எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும் என்பதால் நான் வைத்த பெயர் சுண்டெலி. காலையில் ஆலைக்குப் போகும்போது அதை அண்ணியிடம் விட்டுவிட்டுப் போவாள், மாதம் ஏதோ கொடுப்பாள். அந்தப் பணம் வருவதற்கு முன்பே அண்ணி சுண்டெலிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். குழந்தை வந்த அன்றைக்கே அண்ணி அதைச் சமையலறையில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"இது என்ன?"

"நூலு."

"நூலு இருந்தா?"

"தொடக் கூடாது."

"நூலு இல்லன்னா?"

"குடிக்கலாம் பெரியம்மா."

எனக்கு ஏபிசிடி வரவே மூன்று வருஷம் ஆனது. சுண்டெலி ஒரே நாளில் தேறிவிட்டது.

சம்பவம் நடந்த அன்று அண்ணனுக்கு விடுமுறை, எனக்கு மழை. வானம் கொஞ்சம் வெளுத்ததும் அண்ணி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அவர் மகள், நாங்கள் பெரியவள் என்று கூப்பிடுகிறவள், அறையில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குளியலறையைக் கழுவி முடித்துவிட்டு, பாதியில் விட்ட தூக்கத்தைத் தொடரப் போனார். நான் என் இடைவெளியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். சுண்டெலி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"பெயிண்டு மாமா, ஜூஸ் நல்லாவே இல்ல."

"எந்த ஜூஸு?"

"ஆரஞ்சு ஜூஸு. வாயி எரியுது."

நான் எழுந்த வேகத்தில் தலை சுவரில் இடித்தது. அது இன்னும் வலிக்கிறது, ஆனால் அப்போது வலிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆரஞ்சு ஜூஸ் வாங்கியதே கிடையாது. ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் ஒன்று உண்டு. குளியலறைத் தொட்டி ஓரத்தில், மூடி திறந்து நின்றது. உள்ளே தரை கழுவுகிற மருந்து. கடைக்காரர் அதைப் பெரிய கேனிலிருந்து ஊற்றும்போது கையில் உறை மாட்டிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு சொட்டு தெறித்தால் செருப்பில் ஓட்டை விழும் என்பார்.

குழந்தையின் வாயில் எலுமிச்சை வாசனை அடித்தது. உதடு ஓரம் சிவந்திருந்தது. நான் "அண்ணி" என்று கத்தினேனாம். கீழ்த் தெருவில் இருந்தவர்கள் வீடு இடிந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

அண்ணி படியில் இறங்கி வரவில்லை, உருண்டு வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டிலைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். எதிர்வீட்டம்மா உப்புத் தண்ணீரோடு வந்துவிட்டாள்.

"குடிக்க வை, வாந்தி எடுக்கட்டும், எல்லாம் வெளிய வந்துரும்."

அண்ணி டம்ளரை வாங்கிவிட்டார். குழந்தை வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். எது செய்தால் பிழைக்கும், எது செய்தால் போகும் என்று தெரியாமல் ஒரு மனுஷி நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் ஓடினார். பாட்டிலை எடுத்துக்கொண்டு நான் பின்னால், பெரியவள் எனக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடியைத் தடவி மாட்டிக்கொண்டு அண்ணன் கடைசியில்.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கல்லாவைத் தாண்டி வெளியே வந்து பாட்டிலை முகர்ந்தார்.

"வாந்தி எடுக்க வச்சீங்களா?"

"இல்லீங்க."

"வைக்காதீங்க. உள்ள போறப்ப எரிச்சது வெளிய வர்றப்பவும் எரிக்கும். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்த பாட்டில விட்றாதீங்க."

வாடகை வண்டிக்காரனிடம் பேரம் பேசாமல் அண்ணி ஏறியதை நான் என் வாழ்நாளில் ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன். கூலி எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. வழியெல்லாம் குழந்தையின் வாயைத் திறந்து திறந்து பார்த்தார். "எச்சில் முழுங்கு கண்ணு. முழுங்க முடியுதா? வலிக்குதா?" சுண்டெலி ஒவ்வொரு தடவையும் முழுங்கிக் காட்டியது. ஒவ்வொரு தடவையும் எங்கள் நாலு பேர் தொண்டையும் சேர்ந்து முழுங்கியது. ஒரு திருப்பத்தில் அது இருமியது. அண்ணி வண்டிக் கம்பியைப் பிடித்த பிடியில் கம்பி வளைந்திருக்கும், நான் சரிபார்க்கவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். சின்ன வயசு, பெரிய குரல். குழந்தையைக் கட்டிலில் படுக்கவைத்து, வாய்க்குள் விளக்கு அடித்தார். அண்ணி கட்டில் கம்பியை விடவில்லை. குழந்தை அண்ணியின் முகத்தைப் பார்த்தது. திட்டு விழும் என்று நினைத்திருக்க வேண்டும். உதடு பிதுங்கியது.

"நூலு இல்ல பெரியம்மா. நான் பாத்தேன். நூலு இல்ல."

அண்ணி சட்டென்று என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். கழுத்து மொட்டையாக இருந்தது.

"கட்டினேனே," என்றார். "என் கையால கட்டினேன் தம்பி. ரெண்டு முடிச்சு போட்டேன்."

பாட்டிலை இப்படியும் அப்படியும் திருப்பினேன், நூல் மறுபக்கம் ஒளிந்திருக்கிற மாதிரி.

டாக்டர் பாட்டிலை வாங்கி முகர்ந்தார். மருந்தின் கடுமைக்கு ஏற்ப நிறம் மாறுகிற ஒரு சின்னக் காகிதத் துண்டை உள்ளே நனைத்துப் பார்த்தார். அவர் புருவம் சுருங்கியது. புருவம் சுருங்கினால் நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நாங்கள் அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது எங்க வாங்கினது?"

"கேன் கடையில, டாக்டர். சில்லறையா," என்றார் அண்ணி.

"அது ரொம்பக் கடுமையா இருக்குமே. அப்படியேவா வச்சிருந்தீங்க?"

"இல்ல. வாங்கினதும் பாதிக்குப் பாதி தண்ணி கலந்தேன். நாள் வரட்டும்னு."

"அதுக்கப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா கணக்கு உதைக்குது. இதுல வேற என்னமோ சேர்ந்திருக்கு. என்னன்னு தெரியாம நான் இந்தப் பொண்ணுக்கு எதுவும் குடுக்க முடியாது. யாராவது எதையாவது ஊத்தினீங்களா? இப்ப மறைச்சா அப்புறம் பேசிப் பிரயோஜனம் இல்ல."

எங்கள் வீட்டில் எது எந்த பாட்டிலுக்குள் போகும் என்று எங்களுக்கே தெரியாது. எறும்பு மருந்து இருக்கிறது. துருப்பிடித்த ஆணிக்குப் போடுகிற எண்ணெய் இருக்கிறது. என் தின்னர் இருக்கிறது. அண்ணி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் தின்னர் டப்பா வெளியே பூட்டிய பெட்டியில் இருக்கிறது என்று சத்தியம் செய்தேன். தரை கழுவுகிற மருந்தை நான் தொட்டதே இல்லை. சோம்பேறித்தனத்தால் மனுஷனுக்கு மானம் தப்பியது அன்றைக்குத்தான்.

அண்ணி பெரியவள் பக்கம் திரும்பினார். அவள் அதற்காகவே காத்திருந்த மாதிரி அழ ஆரம்பித்தாள்.

"நான்தாம்மா. போன வாரம் தரை தொடைக்கறப்ப நிறைய ஊத்திட்டேன். குறைஞ்சது தெரியக் கூடாதுன்னு..."

"என்ன ஊத்தின? சொல்லித் தொலை."

"தண்ணி."

"தண்ணி மட்டுமா?"

"தண்ணி மட்டும்தாம்மா. சத்தியமா. அதுக்கு முன்னாடியும் ஒரு தடவ."

டாக்டர் காகிதத் துண்டை மறுபடி பார்த்தார். "இன்னும் இருக்கு போல."

அண்ணன் தொண்டையைச் செருமினார். கிடங்கில் அவர் செருமினால் பத்து ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே அது பூனை தும்மின மாதிரி இருந்தது.

"நானும் ஊத்தினேன். இன்னைக்குக் காலையில பாட்டில் கை தவறிச் சாஞ்சிருச்சு. பாதி போயிருச்சு. குழாயத் திறந்து ரொப்பி வச்சேன்."

"குழாத் தண்ணியா?"

"குழாத் தண்ணிதான் டாக்டர்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்றார் அண்ணி. குரல் உயரவே இல்லை. "சொல்லியிருந்தா என்ன?"

பெரியவள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"பயமா இருந்துச்சும்மா. நீ பாட்டிலத் தூக்கிப் பாப்பியே."

அண்ணி அந்தக் கட்டில் கம்பியை அப்போதுதான் விட்டார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணன் கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார். அதன் ஒரு காலைக் கண்ணாடியோடு சேர்த்துச் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. இரண்டு முடிச்சு.

அண்ணியும் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணன் எங்கள் பார்வை போகிற இடத்தைப் பார்த்து, தன் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்து, அப்படியே உறைந்துவிட்டார்.

"குனிஞ்சு தேய்க்கறப்பக் காலு கழண்டுருச்சு," என்றார். "கையில இருந்த பாட்டில் நூலு... அப்புறமா வேற கட்டிரலாம்னு நினைச்சேன். நினைவே இல்லம்மா."

அந்த நேரம் பார்த்துத்தான் தையல் ஆலையிலிருந்து குழந்தையின் அம்மா வந்து சேர்ந்தாள். யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் குழந்தையைப் பார்த்ததும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கிட்டே வரப் பயந்தாள்.

அண்ணி எழுந்தார். "என் வீட்டு பாட்டில்தான்மா. ஜூஸ் பாட்டில்ல தரை மருந்து வச்சிருந்தேன். நூலு கட்டாம இருந்துச்சு. உன் பொண்ணு நான் சொல்லிக் குடுத்தபடிதான் செஞ்சா."

"நூல எடுத்தது நான்," என்றார் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. அந்த பாட்டில்ல வச்சது நான்."

அந்தப் பெண் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மறுபடி குழந்தையின் வாய்க்குள் விளக்கு அடித்து, நாக்கை அழுத்தி, ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு பூச்சு பெயிண்ட் அடித்து முடித்திருக்கலாம்.

"உதட்டோரம் கொஞ்சம் சிவந்திருக்கு. உள்ள புண்ணு இல்ல," என்றார். "இதுல மருந்தவிடத் தண்ணிதான் ஜாஸ்தி. ஒரே வாய் குடிச்சிட்டுத் துப்பியிருக்கா. இருந்தாலும் சாயந்தரம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். முழுங்கறதுக்குக் கஷ்டப்பட்டாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே என்னக் கூப்பிடுங்க." பிறகு பாட்டிலை அண்ணியின் கையில் கொடுத்தார். "கேன்ல இருந்தபடியே குடிச்சிருந்தா நான் இப்படி நின்னு பேசிட்டிருக்க மாட்டேன்."

எனக்கு வாயில் ஒரு ஜோக் வந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேர் போட்டி போட்டுக் கலந்த தண்ணீர் ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று சொல்ல நினைத்தேன். அண்ணியின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். சாயந்தரம் வரைக்கும் அவர் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் கட்டிலின் மறுபக்கம். நடுவில் சுண்டெலி, கிடைத்த ரொட்டியைக் கொறித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி சமையலறையில் இருந்த பாட்டில் எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார். எண்ணெய், சோப்பு, எறும்பு மருந்து, எது எதுவோ. ஒரு படையே நின்றது. பார்த்துப் பார்த்து, குடிக்கக் கூடாதது இருந்ததையெல்லாம் கழுவி நசுக்கிச் சாக்கில் போட்டார். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, அது போகட்டும்," என்று ஒவ்வொரு பாட்டிலுக்கும் சொன்னார், எனக்குச் சொன்னாரா தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பெண் ஆலைக்குப் போகிற நேரம் வந்தது. அண்ணி அடுப்படியில் நின்றார், ஆனால் காது முழுக்கக் கதவில் இருந்தது. பாத்திரம் காலியாகத்தான் இருந்தது, அதில் கரண்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். அவள் இனிமேல் வர மாட்டாள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன். அந்தப் பணம் போனது ஒன்றும் பெரிசில்லை என்று அண்ணன் ஆரம்பித்தார். "பணம் இல்லங்க," என்றார் அண்ணி.

கதவு தட்டப்பட்டது. அண்ணி அடுப்பைச் சின்னதாக்கவில்லை, நின்று கேட்கவும் இல்லை. ஓடிப் போய்த் திறந்தார்.

வாசலில் அந்தப் பெண். கண் வீங்கியிருந்தது. ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள். சுண்டெலியின் கழுத்தில் ஒரு சின்ன பாட்டில் தொங்கியது, புதுசு.

"அக்கா, தண்ணி இதுல மட்டும் குடுங்க," என்றாள். "வேற எதுலயும் வேணாம்."

"சரிம்மா."

"எனக்கு ஆலையில கையே ஓடாது இன்னைக்கு."

"எனக்கும்தான்," என்றார் அண்ணி.

அவள் தயங்கித் தயங்கிக் குழந்தையின் கையை அண்ணியின் கையில் வைத்துவிட்டுப் போனாள். தெருத் திருப்பம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அண்ணனின் கண்ணாடிக்குக் கடைக்காரன் புதுத் திருகாணி போட்டுக் கொடுத்திருக்கிறான். தரை மருந்து இப்போது கடையில் அடைத்து விற்கிற பாட்டிலிலேயே வருகிறது, மண்டை ஓடு படம் போட்டு, எட்டாத உயரத்தில். அதில் யார் எவ்வளவு கொட்டினாலும் அண்ணி தூக்கிப் பார்ப்பதில்லை. சோப்பு மட்டும் இன்னும் சாகவில்லை.

சுண்டெலி தண்ணீர் கேட்டால் அண்ணி அந்தச் சின்ன பாட்டிலைத் திறந்து, முதலில் தான் ஒரு வாய் குடிப்பார். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார், ஏதாவது எரிகிறதா என்று பார்க்கிற மாதிரி. தன் கையால் பிடித்து ஊற்றிய தண்ணீர்தான் அது. சுண்டெலி காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு, அவர் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

"இப்ப குடிக்கலாமா பெரியம்மா?"

"இரு கண்ணு," என்பார் அண்ணி. "இன்னும் கொஞ்சம் இரு."